வீதி யாருடையது, செலவு யாருடையது? ரொறன்ரோவும் அதன் புறநகரங்களும்

புலம்பெயர்ந்த நாடுகளிலிருந்து வெளிவரும் நமது சஞ்சிகைகளில் அரசு பற்றிய கட்டுரை இல்லாத இதழைக் காண்பது அரிது. தேசம், சுயநிர்ணயம், கூட்டாட்சி, அதிகாரப் பரவலாக்கம் என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறோம். ஆனால் நாம் ஒவ்வொரு நாளும் முகங்கொடுக்கிற அரசு, அதாவது குப்பை அள்ளுகிற, தண்ணீர் தருகிற, பனி தள்ளுகிற, றோட்டுக்குத் தார் போடுகிற அரசு பற்றி நாம் எழுதியது மிகக் குறைவு. நான் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக வாழ்ந்துவரும் ரொறன்ரோவில் மாநகர அரசியலின் சூடான சண்டைகள் பலவற்றின் அடியில் கிடப்பது ஒரே கேள்விதான். நகரத்துக்கும் அதன் புறநகரங்களுக்கும் இடையே ஓடுகிற வீதிகளுக்கு யார் பணம் கொடுப்பது? இது வரண்ட விடயம் என்று பக்கத்தைப் புரட்டப் போகிறவர்கள் சற்றுப் பொறுக்கவேண்டும். ஸ்காபரோவின் அடுக்குமாடியில் வாடகைக்கு இருந்தவர்களில் தொடங்கி மார்க்கத்தில் வீடு வாங்கியவர்கள் வரை நம்மவர்கள் எல்லோருடைய சட்டைப்பைக்குள்ளும் இந்தக் கேள்வி கைவிட்டிருக்கிறது.

முதலில் சட்டநிலை. 1867ஆம் ஆண்டின் கனடிய அரசியலமைப்பின் 92ஆம் பிரிவு, உள்ளூராட்சி அமைப்புகள் குறித்துச் சட்டமியற்றும் அதிகாரத்தை முழுமையாக மாகாணங்களுக்குக் கொடுத்திருக்கிறது. கூட்டாட்சிக்கு உதாரணமாக நாம் அடிக்கடி காட்டுகிற இந்த நாட்டில், நகரம் என்பதற்குச் சொந்தமாக எந்த அரசியலமைப்பு அந்தஸ்தும் கிடையாது. மாகாணம் நினைத்தால் ஒரு நகரத்தை உருவாக்கலாம், பிரிக்கலாம், இணைக்கலாம்; அதன் வீதிகளைப் பறிக்கலாம், அல்லது தன் வீதிகளை அதன் தலையில் கட்டலாம். ஒட்டாவாவுக்கும் கியூபெக்குக்கும் இடையிலான அதிகாரப் பகிர்வைக் கரைத்துக் குடித்தவர்கள் நம்மில் பலர். ஆனால் மாகாணத்துக்கும் நகரத்துக்கும் இடையில் பகிர்வு என்று சொல்லத்தக்க ஒன்று இல்லை என்பதை அவர்களும் கவனிப்பதில்லை.

இனி வீதிக்கு வருவோம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒன்ராறியோவின் கிராமப்புற வீதிகள் கவுண்ரி எனப்படும் மாவட்ட சபைகளின் பொறுப்பில் இருந்தன. இன்று ரொறன்ரோவின் பகுதிகளாக உள்ள ஸ்காபரோ, நோர்த் யோர்க், எற்றோபிக்கோ ஆகியன அன்று யோர்க் கவுண்ரிக்குள் இருந்த ஊர்கள். ரொறன்ரோ நகரமோ கவுண்ரியிலிருந்து பிரிந்து தனித்து நின்றது. இதனால் ஒரு விசித்திரம் ஏற்பட்டது. நகரத்து வியாபாரியின் வண்டியும், பிறகு நகரத்துப் பணக்காரரின் காரும் கவுண்ரி வீதிகளை உழுதன. அவற்றைப் பராமரிக்கும் செலவோ கவுண்ரியின் விவசாயியிடம் அறவிடப்பட்டது. இதற்குத் தீர்வாக 1910களில் மாகாணம் கண்டுபிடித்த ஏற்பாடுதான் புறநகர் வீதி ஆணைக்குழு. நகரத்தைச் சூழ உள்ள குறிப்பிட்ட சில கவுண்ரி வீதிகளைப் புறநகர் வீதிகள் என்று பிரகடனம் செய்து, அவற்றின் செலவில் ஒரு பங்கை நகரமும், ஒரு பங்கைக் கவுண்ரியும், ஒரு பங்கை மாகாணமும் ஏற்பது என்பதே அதன் சாரம். ஒட்டாவா, லண்டன் போன்ற நகரங்களைச் சுற்றி இத்தகைய ஆணைக்குழுக்கள் பல பத்தாண்டுகள் இயங்கின. எல்லைக்கு வெளியே உள்ள வீதியைப் பயன்படுத்துகிறவன் அதற்கும் கொடுக்கவேண்டும் என்ற எளிய நியாயத்தை அது ஏற்றுக்கொண்டிருந்தது. பின்னால் வந்த பெரிய திட்டங்கள் எதிலும் இந்த நியாயம் இவ்வளவு வெளிப்படையாக இருக்கவில்லை என்பது என் எண்ணம்.

இரண்டாம் உலகப்போரின் பின் புறநகரங்கள் வீங்கின. ஸ்காபரோவில் வீடுகள் எழுந்தன. ஆனால் கழிவுநீர்க் குழாய்க்கும் வீதிக்கும் பணமில்லை. நகரத்திடம் பணமிருந்தது, நிலமில்லை. எல்லாவற்றையும் தன்னுடன் இணைத்துவிடவேண்டும் என்று ரொறன்ரோ நகரம் மனுச் செய்தது, புறநகரங்கள் மறுத்தன. ஒன்ராறியோ மாநகரசபைகள் நியாயசபையின் தலைவர் லோர்ன் கம்மிங் 1953 ஜனவரியில் தந்த அறிக்கை நடுவழி ஒன்றைச் சொன்னது. இணைக்கவேண்டாம், மேலே ஒரு கூரை போடுங்கள் என்பதே அது. லெஸ்லி ஃபுறொஸ்ற் அரசாங்கம் அதை ஏற்றது. 1954 ஜனவரி 1 முதல் ரொறன்ரோவும் அதைச் சுற்றிய 12 ஊர்களும் கவுண்ரியை விட்டுப் பிரிந்து ‘மெட்ரோ’ என்ற இரண்டாம் அடுக்கின் கீழ் வந்தன. நகரத்துக்கு 12 உறுப்பினர், புறநகரங்களுக்கு 12 உறுப்பினர், அவர்களுக்கு மேல் ஒரு தலைவர். முதல் தலைவர் ஃபிறெடெரிக் கார்டினர். ஃபொறெஸ்ற் ஹில் என்ற செல்வந்தப் புறநகரின் கிராமத் தலைவராக இருந்தவர். அவர் பெயரைச் சுமக்கும் நெடுஞ்சாலையில் நெரிசலில் நின்று அலுக்காத தமிழர் இந்த நகரில் இருக்கமாட்டார்.

மெட்ரோவின் பொறிமுறையைச் சற்று நின்று பார்க்கவேண்டும். வீதிகள் இரண்டாகப் பிரிக்கப்பட்டன. ஊருக்குள் வளைந்து ஓடும் சிறு தெருக்கள் அந்தந்த ஊரின் பொறுப்பு. ஊர்களை ஊடறுத்துச் செல்லும் பெருவீதிகளும் விரைவுச்சாலைகளும் மெட்ரோவின் பொறுப்பு. பெருவீதிச் செலவில் ஏறத்தாழப் பாதியை மாகாணம் மானியமாகக் கொடுத்தது. மிகுதியை மெட்ரோ தன் 13 உறுப்பு ஊர்களிடமும் பங்கிட்டது. எந்த அடிப்படையில்? சனத்தொகையிலோ, வீதியின் நீளத்திலோ, ஓடும் கார்களின் எண்ணிக்கையிலோ அல்ல, ஆதனங்களின் மதிப்பீட்டில். யாழ்ப்பாணத்தில் மாநகரசபைக்குச் சோலைவரி கட்டியவர்களுக்கு விளக்கவேண்டியதில்லை. மெட்ரோ முழுவதிலும் உள்ள கட்டடங்கள், காணிகளின் மொத்த மதிப்பில் ஓர் ஊரிடம் 10 சதவீதம் இருந்தால் அந்த ஊர் மெட்ரோ செலவில் 10 சதவீதத்தைக் கட்டவேண்டும். வங்கிகளும் தொழிற்சாலைகளும் நகரத்தின் நடுவில் இருந்தன. எனவே முதல் ஆண்டுகளில் மெட்ரோவின் வரவில் பாதிக்கும் மேல் ரொறன்ரோ நகரத்திலிருந்து வந்தது. சபையிலோ அதற்குப் பாதி ஆசனங்கள். புதிய பெருவீதிகளில் பெரும்பாலானவை வயல்வெளிகளுக்கு நடுவே, புறநகரங்களில் போடப்பட்டன.

இதை நகரத்தின் மீதான சுரண்டல் என்று சொல்வோர் உண்டு. எனக்கு அது அவ்வளவு நேராகத் தெரியவில்லை. நடுநகரத்தின் அலுவலகக் கோபுரங்களுக்கு மதிப்பைக் கொடுத்தவர்கள் யார்? காலையில் புறநகரிலிருந்து வந்து மாலையில் திரும்புகிற உழைப்பாளர்கள்தான். கோபுரம் நிற்கிற இடத்தில் வரியை எண்ணிவிட்டு அதை முழுக்க நகரத்தின் பணம் என்பது அரைக்கணக்கு. மெட்ரோ காலத்தில் பணம் ஓரளவு நியாயமாகப் பாய்ந்தது. கோளாறு, எதைக் கட்டுவது என்று தீர்மானித்த வாக்கில் இருந்தது.

ஸ்பாடைனா விரைவுச்சாலை இதற்குச் சாட்சி. நோர்த் யோர்க்கிலிருந்து நடுநகரத்தை நோக்கி, பழைய குடியிருப்புகளை அறுத்துக்கொண்டு இறங்கவேண்டிய சாலை அது. மெட்ரோவின் திட்டமாதலால் நகரவாசியும் அதற்கு வரி கட்டினார். தன் வீடு இடிபடுவதற்குத் தானே பங்குப்பணம் கொடுத்தார் என்று சொல்லலாம். எதிர்ப்பியக்கத்தின் முன்னணியில் நின்றவர்களுள் ஒருவர் ஜேன் ஜேக்கப்ஸ். வியற்நாம் போருக்குத் தன் பிள்ளைகளை அனுப்ப மறுத்து 1968 இல் அமெரிக்காவை விட்டு வந்த குடும்பம் அவருடையது. வந்த ஊரின் வீதிப் பிரச்சினைக்குள் உடனே இறங்கிய இந்தப் புலம்பெயரியின் கதையை நம்மவர்கள் அறிந்துவைப்பது நல்லது. 1971 ஜூன் 3ஆம் திகதி மாகாண முதல்வர் பில் டேவிஸ் திட்டத்தை நிறுத்தினார். வடக்கே கட்டி முடிந்த துண்டு இன்று அலென் றோட் என்ற பெயரில் எக்லிங்ரன் வீதியில் வந்து முட்டி நிற்கிறது. நகரத்தைக் காப்பாற்றியது நகரசபையல்ல, மாகாணம் என்பதைக் கவனிக்கவேண்டும். அதே கை பின்னர் என்ன செய்தது என்பதையும் பார்ப்போம்.

1995 இல் மைக் ஹரிஸின் கொன்சவேற்றிவ் கட்சி ஆட்சிக்கு வந்தது. யார் எதைச் செய்வது என்பதை ஆராய முன்னாள் மேயர் டேவிட் குறோம்பியின் தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டது. முடிவில் பாடசாலைக் கல்விச் செலவில் ஒரு பெரும் பங்கை மாகாணம் தன்மேல் எடுத்துக்கொண்டு, பொதுப் போக்குவரத்து, சமூகவீடமைப்பு, வீதிகள் ஆகியவற்றின் சுமையை நகரங்களின் மேல் இறக்கியது. வீதி மானியங்கள் நின்றன. 1997, 1998 ஆண்டுகளில் 5,000 கிலோமீற்றருக்கும் மேற்பட்ட மாகாண நெடுஞ்சாலைகள் உள்ளூராட்சிகளிடம் தள்ளப்பட்டன. ஸ்காபரோவில் நாம் கிங்ஸ்ரன் றோட் என்கிற பழைய 2ஆம் இலக்க நெடுஞ்சாலையும், மார்க்கத்தின் ஊடாக ஓடும் 7ஆம் இலக்க நெடுஞ்சாலையும் அப்படிக் கைமாறியவை. குவீன் எலிசபெத் வழியின் கிழக்குத் துண்டு 1997 இல் மெட்ரோவுக்குக் கொடுக்கப்பட்டு கார்டினரின் பகுதியாயிற்று. கொடுத்தது சொத்து என்று சொல்லப்பட்டது. பழுதுபார்க்கவேண்டிய சொத்துக்குச் சரியான பெயர் கடன்.

அதே கையோடு மெட்ரோவும் அதன் கீழிருந்த ஆறு மாநகரங்களும் (13 ஊர்கள் 1967 இல் ஆறாகியிருந்தன) ஒன்றாக்கப்பட்டன. 1997 மார்ச்சில் அந்தந்த மாநகரங்கள் நடத்திய வாக்கெடுப்புகளில் வாக்களித்தோரில் ஏறத்தாழ 76 சதவீதத்தினர் எதிர்த்தார்கள். மாகாணம் பொருட்படுத்தவில்லை. 1998 ஜனவரி 1 முதல் புதிய ரொறன்ரோ. சுயநிர்ணயம் பற்றி நாட்கணக்கில் விவாதித்த நம்மவர்களில் எத்தனைபேர் அன்று அந்தச் சாவடிக்குப் போனார்கள் என்று கேட்க எனக்கு ஆசைதான். பலருக்கு அப்போது குடியுரிமை கிடைத்திருக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும்.

இணைப்பு முடிந்தபின் பழைய எல்லைகள் பனியில் தெரிந்தன. 1999 ஜனவரியில் நகரம் பனியில் புதைந்தபோது மேயர் மெல் லாஸ்ற்மன் இராணுவத்தை அழைத்ததை நாடு முழுதும் சொல்லிச் சிரித்தது. ஆனால் சிரிப்புக்குப் பின்னே ஒரு கணக்கு இருந்தது. பனிதள்ளும் வண்டி போனபின் வீட்டு வாசலின் குறுக்கே ஒரு மதில் போலப் பனி குவிந்துவிடும். நோர்த் யோர்க், ஸ்காபரோ போன்ற இடங்களில் அந்த மதிலை மாநகரமே உடைத்துக் கொடுக்கும். பழைய நகரத்தில் ஒடுங்கிய தெருவும் ஓரத்தில் நிறுத்திய கார்களுமாதலால் அந்தச் சேவை இல்லை. நடைபாதைப் பனியும் அப்படியே. புறநகரங்களில் பெரும்பாலும் இயந்திரம் வழித்தது. நடுநகரத்தில் வீட்டுக்காரர் வழிக்கவேண்டும். ஒரே நகரம், ஒரே வரிவிகிதம், இரண்டு விதமான சேவை. நடைபாதையைப் பொறுத்தவரை 2021 இல்தான் முழு நகரத்துக்கும் சேவையை விரிப்பதென்று முடிவாயிற்று.

இது சில்லறை விடயம்போலத் தோன்றும். ஆனால் இதற்குள் இருப்பது வீதிப் பணத்தின் இதயம். பழைய நகரத்தில் ஒரு வீட்டின் முகப்பு 20 அடியாக இருக்கலாம். ஸ்காபரோ பங்களாவின் முகப்பு 50 அடி. ஒரு வீட்டுக்குப் போடவேண்டிய தாரும் வழிக்கவேண்டிய பனியும் புறநகரில் இரண்டு மடங்குக்கு மேல். வரியோ அடிக்கணக்கில் அல்ல, மதிப்பில். ஒடுங்கிய நகரவீட்டின் சந்தைவிலை அகன்ற பங்களாவினதைவிடக் கூடுதலாக இருப்பதுண்டு. அந்த வீட்டுக்காரர் நீளம் குறைந்த வீதிக்கு அதிக வரி கட்டுகிறார். சுமார் 5,600 கிலோமீற்றர் வீதிகளை வைத்திருக்கும் ஒரு நகரத்தில் இது சிறிய தொகையாகாது.

அப்படியானால் வீதியைப் பயன்படுத்துகிறவரிடமே அறவிடலாமே என்று கேட்கலாம். கேட்டுப் பார்த்தார்கள். 2008 இல் ரொறன்ரோ, வாகனம் ஒன்றுக்கு ஆண்டுக்கு 60 டொலர் பதிவுவரி போட்டது. அதை ஒழிப்பேன் என்று தேர்தலில் நின்ற றொப் ஃபோர்ட் வென்றார். 2011 ஜனவரியோடு அது போயிற்று. 2016 டிசம்பரில் மேயர் ஜோன் ரோறியின் முன்மொழிவின்பேரில் கார்டினரிலும் டொன் வலி பார்க்வேயிலும் சுங்கம் அறவிட மாநகரசபை வாக்களித்தது. இந்த இரு சாலைகளிலும் ஓடும் கார்களில் கணிசமான பங்கு மார்க்கம், மிசிசாகா போன்ற வெளியூர்களுடையவை; அவற்றின் சொந்தக்காரர்கள் ரொறன்ரோவுக்கு ஒரு சதமும் ஆதனவரி கட்டுவதில்லை. புறநகர் வீதி ஆணைக்குழுவின் பழைய நியாயம் தலைகீழாகத் திரும்பி வந்திருந்தது. ஆனால் சுங்கத்துக்கு மாகாணத்தின் அனுமதி வேண்டும். புறநகர்த் தொகுதிகளின் வாக்குகளை எண்ணிப் பார்த்த முதல்வர் கத்லீன் வின் 2017 ஜனவரியில் மறுத்தார். பதிலுக்கு, பெற்றோல் வரியிலிருந்து பொதுப் போக்குவரத்துக்காக நகரங்களுக்குக் கொடுத்துவந்த லீற்றருக்கு 2 சதத்தைப் படிப்படியாக 4 சதமாக்குவதாகச் சொன்னார். 2019 வரவுசெலவுத் திட்டத்தில் டக் ஃபோர்ட் அரசாங்கம் அந்த அதிகரிப்பையும் ரத்துச் செய்தது. சுங்கமும் போயிற்று, அதற்கு ஈடாகச் சொன்னதும் போயிற்று.

அதன் பின் காற்று ஒரே திசையில்தான் வீசுகிறது. 2022 மார்ச்சில் ஒன்ராறியோ வாகன இலக்கத்தகட்டுப் புதுப்பிப்புக் கட்டணத்தை நீக்கியது. அதே ஆண்டு யூலையில் பெற்றோல் வரியை லீற்றருக்கு 5.7 சதத்தால் குறைத்தது. கார் வைத்திருப்பவர் வீதிக்கென்று நேரடியாகக் கொடுப்பது தேய்ந்துகொண்டே வர, நகரத்தின் வீதி மேலும் மேலும் ஆதனவரியில் தொங்குகிறது.

ஆதனவரி என்றதும் வீட்டுச் சொந்தக்காரரின் கவலை என்று நினைக்கிறோம். இங்கேதான் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இருக்கிறது. அடுக்குமாடிக் கட்டடத்தின் ஆதனவரியும் வாடகைக்குள்தான் ஒளிந்திருக்கிறது. 1998 இல் புதிய நகரம் பிறந்தபோது, வாடகை அடுக்குமாடிகள் மீதான வரிவிகிதம் வீடுகள் மீதான விகிதத்தின் பல மடங்காக இருந்தது. பின்னர் அது படிப்படியாகக் குறைக்கப்பட்டுவந்தாலும், சமத்துவத்துக்கு ஓர் இருபது ஆண்டுகளிலும் வரவில்லை. சென் ஜேம்ஸ் ரவுணிலும் ஸ்காபரோவின் கோபுரங்களிலும் ஓர் அறைக்குள் நாலைந்துபேராக இருந்து, காரில்லாமல், பஸ்ஸில் இரவு வேலைக்குப் போய்வந்த அகதிகள், தங்கள் வாடகையினூடாக, மூன்று கார் நிற்கும் வீட்டுக்காரரைவிட உயர்ந்த விகிதத்தில் வீதிக்குப் பணம் கட்டினார்கள். ஒரு துண்டிலும் அது எழுதியிருக்கவில்லை. ஒரேயொரு விதிவிலக்கு உண்டு. கட்டடத்தின் வரி 2.49 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் வாடகை தானாகவே குறையவேண்டும் என்பது ஒன்ராறியோச் சட்டம்; ஏழு வீடுகளுக்குக் குறைந்த சிறு கட்டடங்களைத் தவிர்ந்தவற்றில் குடியிருப்போருக்கு மாநகரத்திலிருந்து அறிவித்தல் வரும். அதை விளம்பரக் கடிதம் என்று எண்ணிக் குப்பையில் போட்ட பலரை எனக்குத் தெரியும்.

2023 நவம்பரில் மேயர் ஒலிவியா சௌவும் முதல்வர் டக் ஃபோர்டும் செய்த உடன்பாட்டின்படி கார்டினரையும் டொன் வலியையும் மாகாணம் ஏற்கச் சம்மதித்தது. 1997 இல் தள்ளிவிட்ட துண்டு 26 ஆண்டுகளின் பின் திரும்புகிறது. ஏரிக்கரையிலுள்ள ஒன்ராறியோ பிளேஸ் நிலத்தில் மாகாணம் நினைத்ததைச் செய்வதற்கான எதிர்ப்பை நகரம் கைவிட்டது. மாகாண வரியைப் புறநகரத்தவரும் கட்டுவதால் செலவு இப்போது பயன்படுத்துவோரிடம் ஓரளவு பரவுகிறது; அது நல்லது. ஆனால் சாலையை எப்போது இடிப்பது, எங்கே மரம் நடுவது என்று தீர்மானிக்கும் உரிமையும் அதோடு போகிறது. 2015 ஜூனில் கார்டினரின் கிழக்குத் துண்டை இடித்துத் தரைவீதியாக்குவதா, தூக்கி நிறுத்துவதா என்று 24க்கு 21 என்ற வாக்கில் மாநகரசபை முடிவெடுத்ததே, அந்த மாதிரியான சண்டைக்கு இனிச் சபையில் இடமிராது. நிறுத்துவதென்ற அந்த முடிவு எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் அந்தச் சண்டை நகரத்துக்குரியதாக இருந்தது.

நமது விவாதங்களுக்கு இதில் ஒரு தொடுப்பு உண்டு. இலங்கையின் 13ஆம் திருத்தம் 1987 இல் தேசிய நெடுஞ்சாலைகள் தவிர்ந்த மாகாண வீதிகளை மாகாணசபைப் பட்டியலில் வைத்தது. வீதி கிடைத்தது; அதற்கான வருமானம் பெரும்பாலும் கொழும்பின் ஒதுக்கீட்டில் தங்கியிருந்தது. யாழ் மாநகரசபைக்கும் அதைச் சூழவுள்ள பிரதேசசபைகளுக்கும் இடையில் செலவு எப்படிப் பங்கிடப்படவேண்டும் என்று எந்தத் தீர்வுப்பொதி விவாதத்திலும் ஒரு பத்தி வாசித்த ஞாபகம் எனக்கில்லை.

கடைசியாக ஸ்ரீல்ஸ் வீதி. ரொறன்ரோவுக்கும் யோர்க் பிராந்தியத்துக்கும் எல்லை அது. தெற்கே ஸ்காபரோ, வடக்கே மார்க்கம், இருபுறமும் நம்மவர்கள். எல்லைவீதியானாலும் அது ரொறன்ரோவின் உடைமை. வடபுறத்து வீடுகளும் பசிபிக் மோலும் வரி கட்டுவது மார்க்கத்துக்கும் யோர்க்குக்கும். குழி விழுந்தால் நிரப்பவேண்டியது ரொறன்ரோ. அகலமாக்கும் செலவில் யோர்க்கும் பங்கு தரவேண்டும் என்று ரொறன்ரோவும், உங்கள் வீதிக்கு நாங்கள் ஏன் என்று அவர்களும் ஆண்டுக்கணக்கில் நிற்க, கிழக்குத் துண்டு நெடுங்காலம் உடைந்தே கிடந்தது. அந்த எல்லையைக் காரில் கடந்தவரிடம் யாரும் ஒரு சதம் கேட்டதில்லை. பஸ்ஸில் கடந்தவர், 2024 பெப்ரவரி 26 இல் ஒரே கட்டணத் திட்டம் வரும்வரை, இறங்கி ஏறும்போதெல்லாம் இரண்டாவது தடவையும் கட்டணம் செலுத்திக்கொண்டிருந்தார்.